என் கன்னத்தில் பார்த்த நிறம்

அரியலூர் விடுதியை விட்டு வெகு தூரம் வந்துவிட்டேன். ஒரு செருப்பு அறுந்துபோனதால் இன்னொன்றையும் சாலையோர ஆவாரஞ்செடியில் மாட்டிவிட்டு, பெரம்பலூர் பக்கமாக வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். அப்போது ஏழாவது படித்தேன். விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். அடியும் அளவாகத்தான் இருந்தது. அம்மாவும் அப்பாவும் வெளியூர் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனபோது என்னைச் சேர்த்துவிட்டுப் போன இடம் அது. அன்று காலை மற்றப் பையன்கள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். கேட் திறந்திருந்தது, வெளியே சாலை தெரிந்தது. ஏன் கிளம்பினாய் என்று கேட்டால் இன்றைக்கும் இதற்கு மேல் ஒரு காரணம் என்னிடம் இல்லை. பிற்பாடு எத்தனையோ ஊர்களை விட்டு நான் இப்படித்தான் கிளம்பியிருக்கிறேன்.

கை காட்டாமலே ஒரு சிமென்ட் லாரி நின்றது. முன்னால் இடமில்லை, மூட்டை மேல் ஏறிக்கொள் என்றார் டிரைவர். ஏறிப் படுத்துக்கொண்டேன். பெரம்பலூர் நாலு ரோட்டில் இறக்கிவிட்டபோது என்னைப் பார்த்து அவர் சிரித்தார். கண் இமை வரை சிமென்ட் படிந்திருந்தது. அங்கிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அதற்குப் பக்கத்தில்தான் என் சித்தி வேலைக்குச் சேர்ந்திருந்த ஜவுளிக்கடை.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. எங்கள் ஊர் பாடாலூருக்கு உள்ளே இருக்கிறது. சின்ன வெங்காயம் போடுகிற ஊர். சித்தி பன்னிரண்டாவது முடித்துவிட்டு வெங்காயக் கொல்லைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பெற்றது அம்மா என்றாலும், நான் ஓடிப்போகும்போதெல்லாம் ஓடிவந்தது சித்தியிடம்தான். எங்கள் இருவருக்கும் ஒரே முகம், ஒரே நிறம். சேர்ந்து நடந்துபோனால் அக்கா தம்பியா என்று கேட்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம், அவளுக்கு இரண்டு கன்னத்திலும் கறுப்பாக மங்கு விழுந்திருந்தது. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல, மூக்குக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஊரில் அவளிடம் பேச வருகிறவர்கள் முதலில் கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகுதான் கண்ணைப் பார்ப்பார்கள். "இதுக்கு எதாச்சும் போடக்கூடாதா பாப்பா?" என்று ஆரம்பித்து, கற்றாழை, உருளைக்கிழங்கு, எலுமிச்சம்பழம் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் வந்த விஷயத்துக்கு வருவார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு கேட்பாள். அதனாலோ என்னவோ, அவளுக்குக் குரலே அடித்தொண்டையில்தான் இருந்தது.

ஜவுளிக்கடையின் பின்பக்கப் படியில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் முழுக்க ஈரச் சாம்பலைப் பூசியது போல இருந்தது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சாம்பலுக்கு அடியில் மங்கு இரண்டும் முன்னைவிடத் தெளிவாக நீலம் பாரித்துத் தெரிந்தன.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏன்டா வந்த?"

"சும்மாதான்."

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கன்னத்துக்கு அவள் வேறு வேலை வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. துப்பட்டா நுனியால் என் முகத்தில் ஒரு இழுப்பு இழுத்துச் சிமென்ட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "வந்ததும் ஒருவகையில நல்லதுதான். வா," என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

நடக்கும்போதுதான் கதை வந்தது. கடையில் சேர்த்து ஒரு வாரம் பழக்குவார்கள். பிறகு சேலைப் பிரிவில் நிறுத்துவார்கள், அல்லது ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்கள் எல்லாரும் முகத்துக்கு ஏதாவது போட்டுக்கொண்டு பளிச்சென்று நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். முதலில் சித்தி பவுடரை அப்பிக்கொண்டு போயிருக்கிறாள். வேர்வையில் அது கோடு கோடாக வழிந்துவிட்டது. கூட வேலை பார்க்கிற பெண்கள், தோல் நிறத்திலேயே பூசிக்கொள்கிற பவுண்டேஷன் வாங்கிக்கொள் என்றார்கள். வாங்கிப் போட்டதும் இப்படிச் சாம்பலாகிவிட்டது. முந்தின நாள் அதைத் துணி சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவியதில் முகம் வேறு எரிந்துகொண்டிருந்தது. அன்று காலை சூப்பர்வைசர் அக்கா பார்த்துவிட்டு, நாளைக்குக் காலையில் மூஞ்சி சரியாக இருந்தால் சேலைப் பிரிவு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொள், வேறு ஆள் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

"இல்லன்னா போயேன் சித்தி, வூட்டுக்குத்தான?" என்றேன். எனக்கு எந்த இடத்தை விட்டுப் போவதும் பெரிய விஷயமாகத் தெரியாது.

"போனா வெள்ளிக்கிழமைக்கு உம் மாமன் எனக்கு மாப்ள பாத்து வச்சிருக்காருடா," என்றாள்.

பவுண்டேஷன் விற்ற ஃபேன்சி ஸ்டோர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது. வளையல், ரிப்பன், கிளிப், பிளாஸ்டிக் பூ எல்லாம் வாசல் வரை தொங்கும். கடைக்காரர் லெப்பைக்குடிக்காட்டு பாய். சவுதியில் இருபது வருஷத்துக்கு மேல் இதே மாதிரிக் கடையில் நின்றுவிட்டு வந்தவர். சித்தி உள்ளே போனதும் பாட்டிலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். அவள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அன்று போட்டாள், ஆனால் அடித்தொண்டையிலேயே.

"என்ன பாய், இத குடுத்துட்டீங்க? ஆத்தா செத்த வூட்டுல அழுதுட்டு வந்த மாரி இருக்கேன்."

பாய் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "உன் கைலதானேம்மா போட்டுக் காட்டுனேன். நல்லா சேந்துச்சே. நீயும்தான் சரின்னே."

உண்மைதான். பெண்பிள்ளை முகத்தை ஆம்பிளை தொட்டுப் பார்க்க முடியாது. அதனால் மணிக்கட்டுக்கு மேல் ஒரு கோடு போட்டுக் காட்டுவதுதான் அவர் வழக்கம். சவுதியிலும் அதுதான், பெரம்பலூரிலும் அதுதான். இத்தனை வருஷத்தில் தப்பியதில்லை என்றார். "எங்க, இன்னொருக்கா கையக் காட்டு."

சித்தி கையை நீட்டினாள். அவர் கையையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் அவள் இளமஞ்சள். கழுத்தும் விரல்களும் கறுப்பு.

"நீ என்ன வேலைம்மா பாத்துக்கிட்டிருந்தே?"

"வெங்காயக் கொல்லைல."

"சட்டை போட்டுக்கிட்டா?"

"ஆமா. ஆம்பளச் சட்டை. முழுக்கைச் சட்டை."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அப்பாவுடைய, அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டையைத்தான் மேலே மாட்டிக்கொள்வார்கள். கை வெயில் படாமல் தப்பித்துவிடும். முகமும் கழுத்தும் அத்தனை வெயிலையும் வாங்கிக்கொள்ளும். சித்தி வாங்கி வந்தது அவளுடைய கைக்குப் பொருத்தமான பவுண்டேஷன்.

"அல்லா, கைக்கு வித்துட்டு மூஞ்சிக்குக் காசு வாங்கிட்டேனே," என்றார் பாய். அப்போதுதான் சித்தி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவன் மூஞ்சில பாருங்க பாய். இவனும் நானும் ஒரே நெறம்."

பாய் என்னைத் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஆட்டுச் சந்தையில் பல் பார்ப்பது போல இருந்தது. "நெறம் இருக்கட்டும், மொதல்ல மூஞ்சி எங்க இருக்குன்னு கண்டுபிடிப்போம்," என்று என்னைக் கடைக்குப் பின்னால் இருந்த குழாய்க்கு அனுப்பினார்.

முகம் கழுவுகிற சாமானும் சித்திக்கு வேண்டியிருந்தது. ஏழே நாளில் வெளுப்பு என்று எழுதியிருந்த ஒன்றை அவள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பாய் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. "அதான் நெறையப் போகுது, அதனால முன்னாடி வச்சிருக்கேன். ஆனா நீ நார் போட்டுத் தேய்ச்ச தோலுக்கு எரியும்," என்றார். சித்தி நம்பவில்லை. அதனால் என் இடது பக்கம் அதைப் போட்டும், வலது பக்கம் நுரையே வராத வேறொன்றைப் போட்டும் கழுவினார்கள். சிமென்ட் போனது. இடது கன்னம் வெயிலில் காய வைத்த பறை போல விறைத்துக்கொண்டது. வாயைத் திறந்தால் தோல் இழுத்தது. வலது கன்னம் கன்னமாகவே இருந்தது.

"எந்தப் பக்கம்டா நல்லாருக்கு?" என்றாள் சித்தி.

"இந்தப் பக்கம். அந்தப் பக்கம் சிரிக்க வரல."

அவள் கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டாள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்துவிட வேண்டும், பிறகு இந்த நுரை வராததைப் போட்டு விரலாலேயே கழுவ வேண்டும், நாரைப் பாத்திரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் பாய். சித்தி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாள்.

அடுத்து நிறம். என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையில் மூன்று கோடு போட்டார். ரிப்பன் வாங்க வந்த இரண்டு நர்சிங் காலேஜ் பெண்கள் வாங்குவதை மறந்துவிட்டு நின்றார்கள்.

"பாய், மாப்பிளைக்கு எப்ப முகூர்த்தம்?" என்றாள் ஒருத்தி.

"பொண்ணு வூட்டுல சீர் பேசிக்கிட்டு இருக்காங்க, முடியட்டும்," என்றார் பாய், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வெட்கமாக இல்லை. விடுதியில் என்னை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்த்தது கிடையாது.

பிறகு என்னை வாசலுக்கு இழுத்துப்போய் வெயிலில் நிறுத்தினார். டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், வெயிலில்தான் தெரியும் என்றார். மூன்றில் எதுவும் சரியில்லை. ஒன்று வெளுப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. பாய் உள்ளே போய்ச் சித்தியின் பழைய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டும், அந்தக் கறுப்பிலிருந்து இரண்டு சொட்டும் ஒரு உடைந்த முகக்கண்ணாடி மேல் விட்டு, தீக்குச்சியால் குழைத்தார். போட்டார். போதாது என்று தலையை ஆட்டினார். கறுப்பில் இன்னும் அரைச் சொட்டு சேர்த்தார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தியின் போன் அடித்தது. மாமா. விடுதியிலிருந்து அவருக்குச் சொல்லிவிட்டார்கள் போல. அவர் பேசுவது எனக்கும் கேட்டது. அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

"எங்கூடத்தாண்ணே இருக்கான். நாந்தான் வரச்சொன்னேன்," என்றாள் சித்தி. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மாமா என் விஷயத்தை அதோடு விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலில் வைத்துப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூடத்தான், முதல் சம்சாரம் தவறிப்போனவர், ஆனால் சொந்தமாக டிராக்டர் இருக்கிறது என்றார். "மூஞ்சில மங்கு இருந்தாலும் பரவால்லன்னுட்டாங்க பாப்பா. பெரிய மனசு."

"அவங்க பெரிய மனச அவங்களே வச்சுக்கட்டும்ண்ணே," என்றாள் சித்தி. சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். "நாளைக்குச் சேலைப் பிரிவுல போட்டுட்டா நா வர மாட்டேன். போடலன்னா வரேன். சொன்ன சொல்லு."

போனை வைத்துவிட்டுத் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "போடுங்க பாய்."

பாய் தாடையில் இருந்த கோடுகளைத் துடைத்துவிட்டு, புதிதாகக் குழைத்ததை என் வலது கன்னத்தில் வைத்து விரலால் பரப்பினார். வாசலுக்குக் கூட்டிப்போனார். சித்தி கிட்டே வந்து பார்த்தாள், தள்ளிப்போய்ப் பார்த்தாள்.

"எங்க பாய் போட்டீங்க?"

"அந்தக் கன்னத்துலதான்."

"ஒண்ணுமே தெரியலயே."

"அதான்மா."

"காசு குடுத்து வாங்கிப் போட்டு, போட்ட மாரியே தெரியலன்னா எதுக்கு பாய்?" என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. கூட வேலை பார்க்கிற பெண்களைப் போல மினுமினுப்பாக, தன் நிறத்துக்கு இரண்டு படி மேலே தெரிய வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். பாய் அதற்கு மேல் வாதாடவில்லை. வேர்வைக்கு நிற்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும், தம்பி பஸ் ஸ்டாண்டை நாலு சுற்று ஓடிவிட்டு வரட்டும் என்றார்.

ஓடச் சொன்னால் எனக்குக் கேட்கவா வேண்டும். திருச்சி பஸ், துறையூர் பஸ், அரியலூர் பஸ் எல்லாவற்றுக்கும் நடுவே ஓடினேன். யாராவது என் கன்னத்தைக் கண்டுபிடிக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு கண்டக்டர் மட்டும், "டேய், சக்கரத்துல விழுந்து தொலையாத," என்றார். வெள்ளரிக்காய் விற்கிற அம்மா என்ன தேடுறே என்று கேட்டாள். கன்னத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தோற்றுப்போனவனாகத் திரும்பி வந்து, "யாருமே பாக்கல," என்றேன். பாய்க்கு அப்படி ஒரு சந்தோஷம். பழைய பாட்டிலில் கறுப்பை அளந்து ஊற்றி, மூடியைத் திருகி, நன்றாகக் குலுக்கிச் சித்தியிடம் கொடுத்தார். மங்கு இருக்கிற இடத்தில் மட்டும் விரல் நுனியால் இரண்டாவது தடவை ஒற்றிக்கொள் என்றார்.

சித்தி தங்கியிருந்த பெண்கள் விடுதியில் பையன்களை விட மாட்டார்கள். அன்றைக்கு நான் பாயின் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி வைத்த சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன் பக்கத்தில் நின்றிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்து அரியலூர் பஸ் ஏற்றிவிடுவதாகவும், அதுவரை அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்றும் சித்தி சொல்லியிருந்தாள். சித்தியைப் பார்த்தேன். வழக்கமான சித்திதான். வண்ணத்துப்பூச்சி மட்டும் பறந்துபோயிருந்தது. சூப்பர்வைசர் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒண்ணும் பூசாம வந்தே பாரு, இதான் நல்லாருக்கு. மொத நாளே இப்படி வந்திருக்கலாம்ல?"

"சரிங்கக்கா," என்றாள் சித்தி.

சேலைப் பிரிவில் நிறுத்தினார்கள். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. சித்தி சேலைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்தாள். ஒன்றை எடுத்துத் தன் தோளிலேயே போட்டு மடிப்பு வைத்துக் காட்டினாள். அவர்கள் பார்டரைப் பார்த்தார்கள், முந்தியைப் பார்த்தார்கள், ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னத்தைத் தொட்டுக் காட்டி ஒரு வைத்தியம்கூடச் சொல்லவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் குரல் வெளியே வந்தது: "இதுலயே மாம்பழக் கலர் இருக்குங்கம்மா, எடுக்கட்டுமா?" அவளுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை சோப்பு, எத்தனை கோடு, எத்தனை ஓட்டம். இத்தனை பாட்டுக்கும் பிறகு ஒரு ஆள்கூடப் பார்க்காத முகத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று தோன்றியது. பாய் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். நின்ற இடத்தில் கால் தரிக்கவில்லை. எதிரே டீக்கடைக்காரர் பால் பாத்திரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, சும்மாதான நிக்கிற? கிளாஸ் கழுவுறியா?"

போய்ச் சேர்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஜவுளிக்கடைக்கு டீ கொண்டுபோகச் சொன்னார். தட்டை ஏந்திக்கொண்டு நேரே சேலைப் பிரிவுக்குப் போனேன். சித்தி என்னையும் தட்டையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "மாமாவுக்குப் போன் பண்ணிட்டேன்டா. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு இல்லன்னுட்டேன்," என்றாள்.

நான் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "யாருமே உன் மூஞ்சியப் பாக்கல சித்தி. நானும் காலைலேருந்து பாக்கறேன்."

"ஆமாண்டா," என்றாள். ஏதோ பரிசு விழுந்த சேதியைச் சொல்கிறவளைப் போல என் பக்கம் குனிந்து, "ஒருத்திகூடப் பாக்கல," என்று சிரித்தாள். பிறகு என் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, அடுத்த சேலையை உதறப் போய்விட்டாள்.

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. எதிரே டீக்கடையில் எச்சில் கிளாஸ்கள் குவிந்து கிடந்தன. காலித் தட்டைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினேன்.